கதவிடுக்கில் ஒரு துண்டு

இந்த நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் குட்டை, அம்மா. மேசையில் கிடக்கும் அந்தப் பழைய காகிதம் உங்களுக்கு வேண்டாமென்றால் கொடுங்கள், மடித்து அடியில் வைத்துவிடுகிறேன். பாருங்கள், இப்போது ஆடவில்லை. எனக்குப் பிறகு வந்து உட்காருகிறவருக்கும் ஆகும். பெரிய நன்மைகள் செய்ய எல்லாருக்கும் கொடுத்துவைப்பதில்லை. இப்படிச் சின்னதாகக் கண்ணில் படுவதைச் செய்துகொண்டு போனால் போதும் என்று நினைக்கிறவள் நான்.

சிட்டுவைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். பூட்டுப் போடாமல் அவள் இயந்திரத்துக்குள் போனது அவளுடைய கவனக்குறைவு என்று முதலாளியின் வக்கீல் சொல்கிறாராம். புதிய சட்டப்படி முதலாளி பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார், போடாதது அவள் பிழை, ஆகவே அவளுடைய அம்மாவுக்கு எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்று வாதமாம். எங்கள் ஆட்களிலேயே சிலர் அதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் தானே மறந்துவிட்டாளே என்கிறார்கள். இறந்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது. அவள் எதையும் மறக்கிறவள் அல்ல. அதை நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே உங்கள் தொழிலாளர் துறை ஆபீசுக்கு வந்தேன்.

எங்கள் லாண்டரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் விரிப்புகள் மலையாக வந்து இறங்கும். துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்புவோம். உலர்த்துகிற பெரிய இயந்திரத்துக்கு எங்களுக்குள் யானை என்று பெயர். அதன் வயிற்றில் ஈர விரிப்புகள் சுற்றிச் சுற்றி, சில நாள் கயிறாக முறுக்கிக்கொண்டு பின்பக்கத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு யாராவது ஒருவர் உள்ளே ஊர்ந்து போய்ப் பிரித்து எடுக்கவேண்டும். கதவின் கீல் தேய்ந்து போனது. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். கதவு சாத்தியிருந்தால்தான் யானை ஓடும். சுவிட்ச் பக்கவாட்டில் இருக்கிறது. சுவிட்சைப் போடுகிறவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது உள்ளே போனால் நான் ஒரு துண்டை மடித்துக் கதவிடுக்கில் செருகிவிட்டு, சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். உள்ளே இருப்பவர் அவ்வப்போது “இருக்கீங்களா?” என்று குரல் கொடுப்பார். நான் “இருக்கேன்” என்பேன். நான் நிற்கும்வரை, யானையை ஓட்டுகிற மெஷின்காரர் அந்தப் பக்கம் கை நீட்ட மாட்டார். நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது, இயந்திரத்தைப் போடலாம் என்று அர்த்தம். அவர் கேட்கவும் மாட்டார், நான் சொல்லவும் மாட்டேன்.

எனக்கு விரல் மூட்டுகளில் வலி உண்டு, உள்ளே ஏற முடியாது. அதனால் நிற்கிற வேலை எனக்கு வந்தது. வந்த பிறகு அது வேறு யாருக்கும் போகவில்லை. நிற்கும்போது ஆண்டவனை நினைத்துக்கொண்டே நிற்பேன். வெளியே வருகிறவர் வியர்த்து வழிந்துகொண்டு முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். கையில் ஈரத்துண்டு தயாராக வைத்திருப்பேன். “பெரியக்கா நின்னா போதும், யானை வயித்துக்குள்ள தூங்கிட்டே வரலாம்” என்பார்கள். எல்லாரும் என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட.

நான் என் தம்பி வீட்டில் இருக்கிறேன். நல்லவன்தான், அவன் மனைவியும் குறை சொல்லும்படியானவள் அல்ல. ஆனால் அந்த வீட்டில் நான் சீக்கிரம் வந்தாலும் ஒன்றுதான், தாமதமாக வந்தாலும் ஒன்றுதான். இருக்கீங்களா என்று என்னைக் கேட்ட இடம் ஒன்றுதான் இருந்தது. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான்.

சிட்டுவை வேலைக்குக் கொண்டுவந்ததே நான். ஆள் சின்ன உருவம், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். அதனால் அந்தப் பெயர். விரிப்பின் நான்கு மூலையையும் ஒரே உதறலில் சேர்க்கக் கற்றுக்கொடுத்தேன். மதியம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று சொன்னபோது நான் அழுதேன். பதிலுக்கு நானும் ஒரு விஷயம் சொன்னேன். இத்தனை காலம் வேலை செய்தும் நான் இன்னும் தற்காலிகத் தொழிலாளிதான் என்று. முதலாளி எங்களில் சிலரை அவ்வப்போது வேலையிலிருந்து நிறுத்தி, சில நாள் கழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார். நான் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அந்த நாட்களை வீட்டில் கழிப்பேன். மற்றவர்கள் நம்பினார்கள். அவளிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன்.

பிறகு புதிய சட்டம் வந்தது. நீங்கள் வந்து எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று விளக்கினீர்கள், நினைவிருக்கும். தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டே ஒருவரைக் காலமெல்லாம் வைத்திருக்கக் கூடாது. ஆபத்தான வேலையை மாட்டேன் என்றால் வேலையை விட்டு எடுக்கக் கூடாது. தொழிலாளிகளே ஒருவரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அந்த ஆள் மீது முதலாளி கை வைக்க முடியாது. இயந்திரத்துக்குள் போகிறவர் தன் பூட்டைத் தானே சுவிட்சில் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது நடந்தால் முதலாளியே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். எல்லாம் நல்ல விஷயங்கள். நான் சட்டத்துக்கு விரோதி அல்ல.

அன்று யாரோ எங்கள் வழக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். பெரியக்கா நிற்கிறார், இத்தனை காலத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். “நல்ல விஷயம்தான். ஆனா ஒருத்தரோட ஞாபகத்தை நம்பி ஒரு உயிரை ஒப்படைக்கக் கூடாது.” நீங்கள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் சிட்டு எழுந்தாள். “மேடம், பெரியக்கா எங்க எல்லாருக்கும் முன்னாடி சேர்ந்தவங்க. இன்னும் தற்காலிகம்தான். அவங்களுக்கும் இது உண்டா?” என்று கேட்டாள்.

உண்டு, முதலில் அவர்களுக்குத்தான் உண்டு என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த மாதமே நான் நிரந்தரமானேன். முதலாளியே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எங்கள் தையல்காரி, கிழிசல் தைப்பவள், என் பழைய சிநேகிதி, எல்லார் முன்னாலும் சொன்னாள். “உங்களுக்கு இவ்வளவு காலமா விடியாதது சிட்டு வாயைத் திறந்ததும் விடிஞ்சிடுச்சு பாருங்க பெரியக்கா.” நானும் சிரித்தேன். சிட்டுவின் கன்னத்தைத் தொட்டு நன்றி சொன்னேன். உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிவந்த அந்த நாட்களைப் பற்றி யாரும் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு கருணைதான்.

பிரதிநிதி யார் என்று பேச்சு வந்தபோது பழக்கதோஷத்தில் சிலர் என் பெயரைச் சொன்னார்கள். தையல்காரிதான், “பெரியக்கா தங்கமானவங்க. ஆனா முதலாளி முன்னாடி போய் நின்னா இவங்க அவருக்கே ஈரத்துண்டு கொடுத்துட்டு வந்துடுவாங்க” என்றாள். நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன். சிட்டுவுக்குக் கைகள் உயர்ந்தன. நானும் உயர்த்தினேன், யார் பார்ப்பார்கள் என்பதற்காக அல்ல. சிட்டு மட்டும் எனக்காகக் கை தூக்கினாள். வேறு கை எதுவும் எனக்காக உயரவில்லை. அவளும் தூக்காமல் இருந்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

பூட்டுகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அவளுக்கு மஞ்சள், எனக்குச் சிவப்பு. உள்ளே போகாதவளுக்குப் பூட்டு எதற்கு என்றேன். “எல்லாருக்கும் இருக்கும்போது உங்களுக்கு மட்டும் இல்லாம எப்படிக்கா?” என்றாள். என் விரல்களுக்கு வலிக்குமே என்று அந்தப் பூட்டின் வளைவில் பழைய மென்துணியைச் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். நன்றாகத் தைத்திருந்தாள். நான் அதை வீட்டில் என் துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

அதன் பிறகு யாரும் குரல் கொடுப்பதில்லை. பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள், வந்தார்கள். பூட்டு இருந்தால் கதவு சாத்திக்கொண்டாலும் பயமில்லை, துண்டும் தேவைப்படவில்லை. நான் பழக்கத்தில் எழுந்து போய்ச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பேன். வெளியே வருகிறவர்கள் பூட்டைத்தான் முதலில் பார்த்தார்கள். துண்டு கொடுக்கிற வேலையையும் சிட்டு எடுத்துக்கொண்டாள், கேட்டு எடுக்கவில்லை, கண்ணில் பட்டதைச் செய்தாள். நான் அவ்வளவு காலம் கொடுத்த துண்டைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவள் கொடுத்ததை வீட்டில்கூடப் போய்ப் பேசினார்கள். தையல்காரி மதியத்தில் அவள் மேசைக்கு மாறிவிட்டாள். கையில் சூடு பட்டவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அந்த மேசைக்குத்தான் போனார்கள். அங்கிருந்து சிரிப்பு வரும். எத்தனை இயந்திரம் ஓடினாலும் அந்தச் சிரிப்பு மட்டும் என் காதுக்குத் தனியாகக் கேட்கும்.

பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அந்தக் குணம் கிடையாது. தினமும் பிரார்த்தனையில் அவள் பெயரையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பெயர் வரும்போது மட்டும் கொஞ்சம் இருமல் வரும். பஞ்சுத் தூசி என்று நினைத்தேன். எங்கள் வேலையில் அது சகஜம்.

ஒருநாள் நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது தேய்ப்புக்காரர் கடந்து போனார். “என்ன பெரியக்கா, பூட்டு தனியா இருந்தா பயப்படும்னு துணைக்கு நிக்கிறீங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் அல்ல, வாய்தான் அப்படி. சிட்டு மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உடம்பு முடியாதவர்களை அப்படிப் பார்ப்பார்கள்.

அது நடந்தது அதற்கு மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில். வேலைக் கூடத்தில் ஆட்கள் குறைவு. யானைக்குள் விரிப்பு சிக்கிக்கொண்டது. மெஷின்காரர் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். சிட்டு தன் மஞ்சள் பூட்டோடு வந்தாள். நான் நிற்பதைப் பார்த்தாள், நின்றாள். பிறகு பூட்டையும் சாவியையும் என் கையில் வைத்தாள்.

“இன்னிக்கு நான் பூட்டலக்கா. நீங்க நில்லுங்க, முன்ன மாதிரி.”

“சட்டம் என்னாகிறது?” என்றேன்.

“உங்களைவிடப் பெரிய பூட்டா இது? சின்ன வேலைதான், டக்குனு வந்துடுவேன்.” பிறகு என் கையை அழுத்தினாள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு நானே இப்படின்னு தையல்காரியம்மா உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க.”

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், அம்மா. அவள் கவனக்குறைவாக இருக்கவில்லை. பூட்டை மறக்கவும் இல்லை. ஒரு ஆளைச் சந்தோஷப்படுத்துவதற்காக அன்று ஒரு நாள் அதைப் போடாமல் விட்டாள். இதோ, அந்தப் பூட்டு. மஞ்சள். சாவியும் இருக்கிறது. அவள் வேலை மேசையில் நீங்கள் தேடியபோது இது என் ஏப்ரன் பையில் இருந்தது. வக்கீலிடம் காட்டுங்கள். அவள் அம்மாவுக்கு வேண்டியது கிடைக்கட்டும்.

மெஷின்காரர் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பூட்டு இல்லை, ஆள் இல்லை, கதவு சாத்தியிருந்தது, அதனால் போட்டேன் என்றார். மனிதர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பூட்டு ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் சொல்வதுதான் முறை.

அவள் உள்ளே போனாள். நான் துண்டை மடித்துக் கதவிடுக்கில் செருகினேன். சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அக்கா, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“உங்க குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. நல்லாருக்குக்கா.”

அவள் மனதாரத்தான் சொன்னாள். எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. அழுகிற குழந்தைக்கு ஒரு சொப்பைக் கொடுத்து, நீ சமை, நான் சாப்பிடுகிறேன் என்பார்களே, அப்படி அவள் எனக்கு என் வேலையைக் கொடுத்திருக்கிறாள். என்னுடையதாக இருந்ததை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே ஒரு கைப்பிடி அள்ளி எனக்குப் போடுகிறாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் சொன்னாளே தவிர, அவள் சொல்ல மாட்டாள் என்று நான் எப்படி நம்புவது? நான் தற்காலிகம் என்பதை அவள் ஊரறியச் சொன்னதும் என் நன்மைக்காகத்தானே. இதையும் ஒருநாள் அன்போடு, கண் கலங்க, அந்த மேசையில் சொல்வாள். பெரியக்கா பாவம், அதனால ஒருநாள் நிக்க விட்டேன் என்று. எல்லாரும் அவள் மனதைப் பாராட்டுவார்கள்.

அதனால் நான் நகர்ந்தேன். என் மேசையில் விரிப்புகள் குவிந்திருந்தன. வேலையைத்தானே பார்க்கப் போனேன். சுவிட்சில் நான் கை வைக்கவில்லை. இன்றுவரை வைத்ததில்லை.

கதவைப் பற்றி எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். கீல் தேய்ந்திருந்தது, மாற்றுங்கள் என்று சிட்டுவே முதலாளியிடம் பலமுறை சொன்னாள், அவர் கேட்கவில்லை, அதனால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்கிறார்கள். முதலாளி மேல் அதற்காகத்தான் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். கீல் தேய்ந்தது உண்மை. அவர் கேட்காததும் உண்மை. அந்தக் குற்றம் அவருக்கு உண்டு, நான் குறுக்கே வரவில்லை.

ஆனால் துண்டு செருகியிருந்தால் அந்தக் கதவு சாத்தாது. எப்போதும் சாத்தியதில்லை. என் மடிப்பு நழுவுகிற மடிப்பு அல்ல.

போகிற போக்கில் அதை உருவி எடுத்துக்கொண்டேன். நல்ல துண்டு, கறுப்புப் படிந்துவிடும் என்று தோன்றியது. கதவு மெதுவாகத்தான் சாத்திக்கொண்டது. நான் மேசைக்குப் போய்ச் சேர்வதற்கும் மெஷின்காரர் கை கழுவிவிட்டு வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் சுவிட்சுக்கு முன்னால் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. தலையைத் திருப்பி என் மேசையைப் பார்த்தார். நான் ஒரு விரிப்பின் மூலைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பதிலுக்குச் சிரிப்பது மரியாதை.

யானையின் சத்தம் முதலில் வழக்கம்போல இல்லை. பிறகு வழக்கம்போல ஆகிவிட்டது.

அன்று எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதார்கள். தையல்காரிக்கு மயக்கம் வந்தது, நான்தான் முகத்தைத் துடைத்துவிட்டேன். மெஷின்காரருக்குத் தண்ணீர் கொடுத்தேன். சிட்டுவின் அம்மாவின் வீட்டுக்குத் தினமும் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருகிறேன். கண் தெரியாததால் என் கையைத் தடவிப் பார்த்துத்தான் நான் யாரென்று தெரிந்துகொள்கிறார். போன வாரம் புதிய பிரதிநிதிக்குக் கை தூக்கச் சொன்னார்கள். எனக்குத் தூக்கினார்கள், எல்லாருமே. நான் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். கண்ணைத் திறந்தபோது, போன தடவை எனக்காக உயர்ந்த அந்த ஒரே கை மட்டும் அங்கே இல்லை.

ஒருவருடைய ஞாபகத்தை நம்பி உயிரை ஒப்படைக்கக் கூடாது என்றீர்கள். என் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை, அம்மா, நீங்களே பார்க்கிறீர்கள். கதவு சாத்திய பிறகு அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். இரும்புக்கு உள்ளேயிருந்து, சின்னதாக. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அந்தக் குரலுக்குப் பழகிய காது என்னுடையது.

இத்தனை காலத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்ட ஒருவருக்குக்கூட நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அன்றும் சொன்னேன். விரிப்பை மடித்துக்கொண்டே, மெதுவாக, இருக்கேன் என்றேன். அவளுக்குக் கேட்காமல் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?